பெனிஷ் எடுத்த குலை

படம் எடுக்க வந்தவர்களுக்கு ஜெஸ்பினிடமிருந்து ஒரே ஒரு வரிதான் வேண்டியிருந்தது. ‘எங்க அண்ணன் எனக்காகத்தான் அதச் செஞ்சான்.’ கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து இதைச் சொன்னால் போதும். சொல்லும்போது கண் கொஞ்சம் கலங்கினால் இன்னும் நல்லது.

முதல் தடவை அவர்கள் கருங்கல் டவுனில் அவள் வேலை பார்க்கும் பேக்கரிக்கே வந்துவிட்டார்கள். ஜெஸ்பின் கேக் பிரிவில் நின்று ஏதோ ஒரு குழந்தையின் பெயரைக் கிரீமில் எழுதிக்கொண்டிருந்தாள். முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண் கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் தாடிக்காரன் ஒருவன், கேமராப் பையோடு.

“அக்கா, நான் நந்தனா. சென்னையிலேருந்து வர்றேன். தேனாம்விளை வங்கிக் கொள்ளையப் பத்தி ஒரு டாக்குமென்டரி பண்றோம்.”

“கேக் வேணுமா?”

“இல்லக்கா. உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்.”

“கேக் விக்கதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.”

நந்தனா சிரித்துவிட்டு ஒரு கிலோ பிளம் கேக் வாங்கினாள். வாங்கும்போது அவள் பார்வை ஜெஸ்பினின் வெறுங்கழுத்தில் நின்று நகர்ந்தது. ஜெஸ்பின் அதைக் கவனித்தாள். ஊரில் எல்லோரும் பார்க்கும் இடம் அதுதான். அவள் ஒரு முத்துமாலை போட்டாலும் மூன்று பேர் உற்றுப் பார்ப்பார்கள், தங்களுடையதோ என்று. அதனால் அவள் எதையும் போடுவதை விட்டுவிட்டாள். இந்தப் பெண்ணுக்கு அது வறுமையாகத் தெரிந்திருக்கும்.

கொள்ளை நடந்தது ஒரு மாசி மாதம். மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்கு மாவட்டத்துக்கே லீவு. வங்கி பூட்டிக்கிடந்தது. கடைவீதியில் பாதிப் பேர் கொடைக்குப் போயிருந்தார்கள், மீதிப் பேர் லீவு கிடைத்த சந்தோஷத்தில் தூங்கினார்கள். வங்கியின் பின்சுவரை ஒட்டி, ரப்பர் ஷீட் வாங்கி விற்கிற குடோன் ஒன்று ஆள் இல்லாமல் கிடந்தது. அதற்குள் போய்ப் பட்டப்பகலில் சுவரை அறுத்தார்கள். சத்தம் கேட்ட அக்கம்பக்கத்தார் யாரோ டைல்ஸ் அறுக்கிறார்கள் என்று நினைத்தார்கள். அது பாதி உண்மைதான். அறுத்த மெஷின் டைல்ஸ் மெஷின், அறுத்தவன் டைல்ஸ்காரன். பெனிஷ், ஜெஸ்பினின் அண்ணன்.

பணத்தை அவர்கள் அதிகம் தொடவில்லை. எடுத்தது அடகு நகைகளை. அதாவது அதே ஊர்க்காரர்களின் சங்கிலி, வளையல், கம்மல். கூட்டாளி சஜின் முட்டத்துக்காரன், மீன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். நகையெல்லாம் மீன் பெட்டியில் ஐஸுக்கு அடியில் போயிற்று. பாதியை உருக்கிவிட்டார்கள். மீதியைப் பிற்பாடு போலீஸ் எடுத்தது. வங்கி நஷ்டஈடு கொடுத்தது. ஆனால் சங்கிலியைப் பறிகொடுத்தவர்களுக்குச் சங்கிலி திரும்பி வரவில்லை, தொகைதான் வந்தது. இரண்டும் ஒன்றில்லை என்பதைச் செல்லத்தாயிடம் கேட்டால் சொல்வாள்.

செல்லத்தாய் ஜெஸ்பினின் பக்கத்து வீடு. புருஷன் பாறை மடையில் கல் உடைக்கும்போது செத்துப்போன பிறகு, தாலிச் சங்கிலியை வங்கியில் வைத்து மகனைப் படிக்க வைத்தவள். கேஸ் கோர்ட்டுக்கு வந்தபோது பெனிஷின் வக்கீல் ஒரு கதை சொன்னார். கல்யாண வயதில் தங்கை, கேட்ட சீதனம் கொடுக்க வழியில்லை, பாசத்தில் தப்புச் செய்துவிட்டான் என்று. பெனிஷ் கூண்டில் நின்று அழுதான். நீதிபதி தண்டனையைக் கொஞ்சம் குறைத்தார். மறுநாள் பேப்பரில் ‘தங்கை திருமணத்துக்காக வங்கியைக் கொள்ளையடித்த அண்ணன்’ என்று வந்தது. அன்றைக்குச் செல்லத்தாய் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “எனக்க தாலி உனக்க கழுத்துக்கா ஏட்டி கேட்டுது?” என்றாள். அதற்குப் பிறகு ஜெஸ்பினிடம் பேசவே இல்லை. வேலியில் வந்து படுக்கிற பூனையைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், ஜெஸ்பினைப் பார்க்கவும் மாட்டாள்.

ஜெஸ்பினுக்கு அந்த வருஷம் கல்யாணப் பேச்சே இல்லை என்பதுதான் வேடிக்கை. அதற்கு முந்தின வருஷமே அவள் வீட்டில் சொல்லிவிட்டாள், இப்போதைக்கு வேண்டாம், பேக்கரி வேலை படிக்கப் போகிறேன் என்று. சீதனம் கேட்ட மாப்பிள்ளை வக்கீலின் மூளையில் பிறந்தவன். ஆனாலும் கோர்ட்டில் சொன்னது, பேப்பரில் வந்தது, சபையில் ஜெபித்தது. அதற்கு மேல் யார் கேட்பார்கள். பிறகு உண்மையாகவே வந்த இரண்டு வரன்களும் அந்தப் பேப்பரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

பெனிஷ் வெளியே வந்தபோது அந்தக் கதை அவனுக்கு முன்பே வந்து வீட்டைப் பெருக்கி வைத்திருந்தது. ‘தங்கச்சிக்காக ஜெயிலுக்குப் போனவன்’ என்று பெண்பிள்ளைகளைப் பெற்ற தாய்மார் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார்கள். டைல்ஸ் வேலை கிடைத்தது. தங்கைக்காக இவ்வளவு செய்தவன் பெண்டாட்டிக்கு எவ்வளவு செய்வான் என்று கணக்குப் போட்டு, அஜிதா அவனைக் கட்டிக்கொண்டாள். போதகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெயர் சொல்லாமல், தவறிய வழியில் போன தியாகம் என்று பிரசங்கம் செய்தார். இப்போது பெனிஷ் சபைக் கமிட்டித் தேர்தலுக்கு நிற்கப்போகிறான். படம் வந்தால் ஜெயிப்பான் என்று அவனுக்கு எண்ணம்.

நந்தனா பேக்கரிக்கு வந்த அன்றைக்கே, ஜெஸ்பின் வீடு திரும்பியதும் அவன் கேட்டான். அண்ணன் குடும்பம் மாடியில், ஜெஸ்பின் கீழே. மாடிப்படியில் நின்றே பேசினான்.

“ஏட்டி ஜெஸ்பி, அந்தப் பிள்ளைட்ட என்ன பறஞ்ச?”

“கேக் வேணுமான்னு கேட்டேன்.”

“வெளயாடாத. சென்னையிலேருந்து மெனக்கெட்டு வந்திருக்கு. ஒரு வரி சொன்னா உனக்கு வாயா தேஞ்சு போவும்?”

“சொன்னா ஆயுசுக்கும் அதுதான் எனக்க பேரு.”

“இப்பமும் அதுதானே உனக்க பேரு. புதுசா என்ன வரப்போவுது?”

“ஊருக்குள்ள இருக்கது ஊரோட போவும் அண்ணே. படத்துல வந்தா அது போவாது.”

“பெரிய சினிமாக்காரி” என்றுவிட்டு அவன் மேலே போனான்.

ஜெஸ்பின் ஒருவழியாக உட்கார ஒப்புக்கொண்டது உண்மையைச் சொல்லிவிடலாம் என்ற நினைப்பில்தான். அவள் வீட்டு முன்னறையில் லைட் போட்டு, ஜன்னலில் கறுப்புத் துணி கட்டி, சுவரில் கிடந்த காலண்டரைக் கழற்றிவிட்டு, ஒரு பழைய மரநாற்காலியில் அவளை உட்கார வைத்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிதான் வீட்டில் எல்லோரும் உட்காருவது. அது படத்துக்கு ஆகாதாம்.

“உங்களுக்காக அண்ணன் இதைச் செய்தார்னு தெரிஞ்சப்போ உங்க மனசு எப்படி இருந்தது?”

“எனக்காகச் செய்யல்ல.”

நந்தனா காத்திருந்தாள். ஜெஸ்பின் வேறொன்றும் சொல்லாததைப் பார்த்து, “பின்ன எதுக்காகன்னு நினைக்கிறீங்க?” என்றாள்.

“ஏலத்துக்காக.”

“என்ன ஏலம்?”

ஜெஸ்பின் சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல அது அவளுக்கே பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. அறுப்பின் பண்டிகை, வாழைக்குலை, மைக், ஷாஜன். நந்தனா தலையாட்டிக்கொண்டே இருந்தாள். லைட்டை அணைத்த பிறகு முற்றத்தில் தாடிக்காரனிடம் அவள் மெதுவாகச் சொன்னது அடுப்படிக்குக் கேட்டது. “பாவம், இன்னும் அவங்களால அத ஏத்துக்க முடியல. குற்ற உணர்ச்சி. அந்த ‘எனக்காகச் செய்யல்ல’ன்னு சொல்லிட்டு அமைதியா இருந்தாங்கல்ல, அது போதும். ரொம்ப நல்லா வந்திருக்கு.”

ஆமாம் என்றாலும் படம், இல்லை என்றாலும் படம். ஜெஸ்பின் அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு யோசித்தாள். வாயால் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

அவள் சொன்ன ஏலம் இதுதான். தேனாம்விளை சபையில் அறுப்பின் பண்டிகை மே மாதம். முதல் பலன் என்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் தேங்காய், பலாச்சக்கை, கோழி, மரச்சீனிக் கிழங்கு, கேக் என்று ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் பந்தல் போட்டு அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். கடையில் நூறு ரூபாய்க்குக் கிடைப்பது இங்கே ஆயிரத்துக்குப் போகும். அது காணிக்கை, அதனால் யாரும் விலையைப் பற்றிப் பேசுவதில்லை. யார் எடுத்தது என்பதைப் பற்றித்தான் பேசுவார்கள், அடுத்த மே வரைக்கும். கடைசியாக வருவது ஏத்தங்குலை, நேந்திரன் வாழைத்தார். ஆள் உயரத்துக்குத் தூக்கி நிறுத்துவார்கள். அதை எடுக்கிறவன் அந்த வருஷத்துக்கு ஊரில் ஒரு ஆள்.

கொள்ளைக்கு முந்தின மே மாதம் அந்தக் குலைக்குப் பெனிஷ் விலை கேட்டான். ஏலம் விளித்தது தங்கையன். பஞ்சாயத்து ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மைக் கிடைத்தால் விடமாட்டார். பெனிஷின் விலையைக் கேட்டதும் மைக்கிலேயே சொன்னார். “மக்கா பெனிஷே, நீ கேட்டது குலைக்கா, ஒரு காய்க்கா?”

சபையே சிரித்தது. ஞாயிறு பள்ளிக் குழந்தைகள் வரைக்கும் சிரித்தார்கள். கத்தாரிலிருந்து லீவில் வந்திருந்த ஷாஜன் பத்து மடங்கு விலை சொல்லிக் குலையை எடுத்துக்கொண்டான். பெனிஷின் காது சிவந்ததைப் பெண்கள் பக்கத்தில் இருந்த ஜெஸ்பின் பார்த்தாள். அதற்குப் பிறகு பல நாள் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, ‘ஒரு காய்க்கா, ஒரு காய்க்கா’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருப்பான்.

அடுத்த மாசியில் வங்கிச் சுவர். அதற்கடுத்த மே மாதம் குலையைப் பெனிஷ் எடுத்தான். எடுத்ததோடு விட்டிருந்தால் ஒருவேளை தப்பியிருப்பான். அந்தச் சபையில் ஏலம் எடுத்தவர்கள் கிறிஸ்துமஸுக்குள் கொடுத்தால் போதும் என்பது வழக்கம். அன்றைக்கே கொடுத்தவன் என்று ஒருவன் கிடையாது, ஷாஜன் உட்பட. பெனிஷ் இடுப்பிலிருந்து நோட்டுக் கட்டை எடுத்து, தங்கையன் முன்னால் மேஜையில் வைத்தான். சபைப் பொருளாளருக்கு ரசீது எழுதக் கை ஓடவில்லை. அவருடைய மச்சினன் போலீஸில் ஏட்டு. அந்த வாரமே பெனிஷை டைல்ஸ் வேலை நடந்த வீட்டிலிருந்து கூட்டிப்போனார்கள். வீட்டைச் சோதனை போட வந்தபோது குலை அடுப்படியில் பழுத்துத் தொங்கியது. போலீஸ்காரர்களும் ஆளுக்கு இரண்டு தின்றார்கள்.

இதெல்லாம் ஊரே பார்த்ததுதான். ஆனால் தங்கைக்காக அண்ணன் சங்கடப்படுவது எல்லோருக்கும் பழகிய கதை. வாழைக்குலைக்காக ஒருவன் வங்கிச் சுவரை அறுப்பான் என்று யாரால் சொல்ல முடியும்? சொன்னால், அவனைப் பார்த்துச் சிரித்தது யார் என்ற கேள்வி வரும். பழகிய கதையே எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது.

நந்தனாவின் படத்தில் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. ரப்பர் விலை இறங்கியது, புயலில் கடற்கரை ஆட்கள் செத்துப்போனது, இன்ஜினியரிங் படித்தவர்கள் வேலையில்லாமல் இருப்பது, சீதனம். நாகர்கோவிலில் ஒரு பேராசிரியர் இவற்றையெல்லாம் புத்தக அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னார். அவர் சொன்னது எதுவும் பொய்யில்லை. ஆரல்வாய்மொழிக்குப் போய்க் காற்றாலைகளையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். காற்றாலைக்கும் கொள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்குத் தாடிக்காரன், “ட்ரோன் இருக்குல்ல” என்றான்.

அவர்கள் கிளம்ப நாலைந்து நாள் இருக்கும்போது ஜெஸ்பின் நந்தனாவை ஃபோனில் கூப்பிட்டாள்.

“வர்ற ஞாயிறு சபைல ஏலம். வந்து எடுங்க.”

“பண்டிகையா அக்கா? கண்டிப்பா. நல்ல கலர்ஃபுல்லா இருக்கும்ல?”

“இருக்கும்.”

ஜெஸ்பினிடம் பெரிய திட்டம் எதுவும் இல்லை. குலை வரும்போது பெனிஷால் சும்மா உட்கார முடியாது என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். அதை அந்தப் பெண் ஒரு தடவை கண்ணால் பார்க்கட்டும் என்று நினைத்தாள். ஆனால் இது அஜிதாவுக்கும் தெரிந்திருந்தது. சனிக்கிழமையே அவள் பெனிஷை வேதப்புத்தகத்தின் மேல் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிவிட்டாள். மகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, ஒரு தேங்காய்கூடக் கேட்கக்கூடாது என்று.

ஞாயிறு பந்தலில் ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம். தாடிக்காரன் தூணோரம் கேமராவை நிறுத்தியிருந்தான். கேமரா இருந்ததால் எல்லோரும் வழக்கத்தைவிட ஒரு படி கூடவே விலை கேட்டார்கள். ஒரு பூவன்கோழி, பிரியாணிக்கடை முழுவதையும் வாங்கும் விலைக்குப் போயிற்று. ஜெஸ்பினின் பேக்கரி கொடுத்த கேக்கைப் போதகரின் மச்சான் எடுத்தார். பெனிஷ் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அஜிதா எதிர்ப்பக்கத்திலிருந்து அவனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கடைசியில் ஏத்தங்குலை வந்தது. இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள்.

“ஆண்டவருக்க முதல் பலன்!” என்றார் தங்கையன். வயதாகியும் அவர் குரல் இறங்கவில்லை. “காயப் பாருங்க. ஒவ்வொண்ணும் ஒரு முழம். கேளுங்க, கேளுங்க!”

ஷாஜன் கேட்டான். கத்தாரை விட்டு வந்து இப்போது கடைவீதியில் சூப்பர் மார்க்கெட் வைத்திருக்கிறான். அவன் கேட்டதும் மற்றவர்கள் அடங்கினார்கள். தங்கையன் பழக்கதோஷத்தில் பெனிஷ் பக்கம் பார்த்தார். பெனிஷ் தொண்டையைச் செருமினான். அஜிதா எழுந்து நிற்பதுபோல அசைந்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டான்.

“ஒரு தரம்!”

அவ்வளவுதான், முடிந்தது என்று ஜெஸ்பினுக்குத் தெரிந்தது. இந்தப் பெண் நாளைக்கு ரயில் ஏறிவிடுவாள். அவள் யோசிக்காமல் கையைத் தூக்கி, ஷாஜன் சொன்னதற்கு மேல் ஒரு விலை சொன்னாள்.

பந்தலில் எல்லாத் தலையும் பெண்கள் பக்கம் திரும்பியது.

“யாரது? ஜெஸ்பினா?” தங்கையன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “பிள்ளே, பெண்டுகள் கேக்கப்பிடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்ல. ஆனா இது கேக் இல்ல கேட்டியா, குலை!”

சிரித்தார்கள். ஷாஜன் எழுந்து, கேமரா இருக்கிற திசையைப் பார்த்துக் கையை விரித்தான். “நான் விட்டுத் தாறேன். பொம்பளப் பிள்ளைட்ட எனக்கு என்ன போட்டி? எடுக்கட்டு. அந்தக் குடும்பத்துல ஒரு ஆளாவது சொந்தக் காசுல எடுக்கட்டே!”

இந்தத் தடவை சிரிப்பு பந்தலைத் தாண்டி ரோட்டுக்குப் போயிற்று.

“ஒரு தரம்! ரெண்டு தரம்…”

“நான் கேக்கேன்!” பெனிஷ் எழுந்துவிட்டான். சொன்ன விலை ஜெஸ்பின் சொன்னதைவிட ஐயாயிரம் கூட.

“லேய், உனக்க தங்கச்சியாக்கும் கேட்டது” என்று பக்கத்திலிருந்தவர் அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தார். “அவளுக்கு எதிராயா கேக்க?”

“விடும்வே.”

ஜெஸ்பின் இன்னும் ஐயாயிரம் ஏற்றினாள். வங்கியில் அவளிடம் இருப்பது ஏறக்குறைய அந்த மொத்த விலைதான். அவன் மறுபடி ஏற்றினான். அவள் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. எதிரே கேட்பது யார் என்ற நினைவே அவனுக்கு இல்லை. ஷாஜனையும் மைக்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். காது அன்றைக்குப் போலவே சிவந்திருந்தது. பெண்கள் பக்கத்தில் யாரோ, “பாத்தியாட்டி, தங்கச்சிக்க வாயில போன பழத்தைப் பிடுங்குதான்” என்றார்கள். இன்னொருத்தி, “இவனா அவளுக்குச் சீதனம் சேத்தான்?” என்றாள். அதை மெதுவாகச் சொல்ல அவள் முயலவே இல்லை.

ஜெஸ்பின் இன்னும் ஒரு தடவை ஏற்றினாள். இது அவளிடம் இல்லாத பணம். அவன் நிறுத்தினால் அவள் தொலைந்தாள். தங்கையன்கூட இந்தத் தடவை அவசரமில்லாமல், கொஞ்சம் பயந்த குரலில், “ஒரு தரம்” என்றார். “ரெண்டு தரம்.”

பெனிஷ் ஒரேயடியாக இரண்டு மடங்கு சொன்னான்.

ஜெஸ்பின் உட்கார்ந்தாள். மூன்று தரம் ஆயிற்று, மணி அடித்தார்கள். அஜிதா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வெளியே நடந்தாள். பெனிஷ் குலையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். இருவர் தூக்கிய குலையை ஒற்றை ஆளாக. கேமரா எங்கே என்று பார்த்து அதற்கு நேரே வந்து நின்றான். பணத்தைப் பற்றிப் பொருளாளர் கேட்டபோது, “கிறிஸ்துமஸுக்குள்ள தாறேன்” என்றான்.

நந்தனா ஜெஸ்பினைத் தேடி வந்தாள். கண் பளபளவென்றிருந்தது.

“அக்கா, இப்ப என்ன நடந்தது?”

“நீங்கதானே பாத்திய.”

“அவர் ஏன் உங்களுக்கு எதிரா கேட்டார்?”

“எனக்கு எதிரா இல்ல. நான் அங்க இருக்கதே அவனுக்குத் தெரியல்ல. அவனுக்கு அண்ணைக்கும் தெரியல்ல, இண்ணைக்கும் தெரியல்ல.”

நந்தனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்ககிட்ட அவ்வளவு பணம் இல்லைன்னு அவருக்குத் தெரியும்லக்கா. நீங்க மாட்டிக்கக்கூடாதுன்னு அவரே ஏத்துக்கிட்டாரோ?”

ஜெஸ்பின் கையை உருவிக்கொண்டாள். கோபம்கூட வரவில்லை. “சாப்பிட்டுட்டுப் போங்க. பந்தி போட்டாச்சு” என்றாள்.

அஜிதா தாய்வீட்டுக்குப் போய் நாலைந்து நாள் கழித்துத் திரும்பி வந்தாள். வந்தவள் நேரே கீழே வந்து, “ஜெஸ்பி, ஒண்ணு கேப்பேன். உள்ளதைச் சொல்லு” என்றாள். ஜெஸ்பின், “கேக்கண்டாம் மைனி. பாத்தாச்சுல்லா” என்றாள். அஜிதா மகளைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனாள். அதற்குப் பிறகு பெனிஷின் கூலியை அவள்தான் வாங்குகிறாள். கமிட்டித் தேர்தலில் அவனுக்குக் கிடைத்த ஓட்டு எண்ணிக்கையை யாரும் சத்தமாகப் படிக்கவில்லை. ஊரில் அவனைக் காப்பிக்குக் கூப்பிடுவது நின்றது. அதற்காக அவன் பெரிதாகக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. குலை எடுத்தவன் என்ற பெயர் அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

செல்லத்தாய் மட்டும் அப்படியே இருந்தாள். அன்றைக்குப் பந்தலில் அவளும் இருந்தாள், எல்லாவற்றையும் பார்த்தாள். ஆனால் இத்தனை வருஷம் பேசாமல் இருந்துவிட்டு, சும்மா ஒரு நாள் எப்படி ஆரம்பிப்பது? அதற்கு ஒரு காரியம் வேண்டியிருந்தது.

படம் அடுத்த பிப்ரவரியில் முடிந்தது. ஏதோ விழாவில் பரிசும் வாங்கியது. நன்றிக்காக ஊரில் ஒரு தடவை காட்ட வேண்டும் என்று நந்தனா பிரியப்பட்டாள். சபை மண்டபத்தில் சாயங்காலம் வெள்ளைத் துணி கட்டிப் போட்டார்கள். இடம் போதவில்லை, பாதிப் பேர் தரையில். ஜெஸ்பின் பேக்கரியிலிருந்து நேரே வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நந்தனா முன்வரிசையில் போதகருக்குப் பக்கத்தில்.

முதலில் காற்றாலைகள் சுழன்றன. கடல் வந்தது, ரப்பர் பால் சொட்டியது, பேராசிரியர் பேசினார். ஜனங்கள் மரியாதையாகப் பார்த்தார்கள். தெரிந்த கடையும் தெரிந்த நாயும் வரும்போது மட்டும் சத்தம் எழுந்தது. ஜெஸ்பின் மரநாற்காலியில் உட்கார்ந்து, ‘எனக்காகச் செய்யல்ல’ என்றாள். அதற்குப் பின்னால் வீணையோ ஏதோ ஒன்று மெல்ல அழுதது. ஏலம் என்று அவள் சொன்னதெல்லாம் இல்லை.

கடைசியில் பண்டிகை வந்தது. பந்தல், கொடி, கோழி. பிறகு பெனிஷ், வெள்ளைச் சட்டையில், தோளில் குலையோடு, மெதுவாக நடந்து வந்தான். நிஜத்தில் நடந்ததைவிட மெதுவாக. ஒரு கனத்த ஆண் குரல் சொல்லிற்று. ‘காலங்கள் மாறின. காரணங்கள் மாறவில்லை. தங்கையின் சுமையை இன்றும் இந்த அண்ணன்தான் சுமக்கிறான்.’

மண்டபத்தில் பின்னாலிருந்து யாரோ ஒருத்தர் மூக்கால் சிரித்தார். அது பக்கத்துக்குப் பரவி, தரையில் இருந்தவர்களுக்கு வந்து, மொத்த மண்டபமும் சிரித்தது. தங்கையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஷாஜன் பக்கத்தில் இருந்தவன் முதுகில் அறைந்து சிரித்தான். அஜிதாவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். முன்வரிசையில் நந்தனா திரும்பிப் பார்த்தாள், எந்த இடத்தில் தப்பாயிற்று என்று புரியாமல். பெனிஷ் வாசலில் சாய்ந்து நின்றிருந்தான். அவனுக்கு மட்டும் சிரிப்புக் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. துணியில் தெரிந்த தன் தோளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெஸ்பின் சிரிக்கவில்லை. கால் மரத்துப்போனதால் சற்று எழுந்து பக்கவாட்டில் சாய்ந்தாள்.

“தள்ளி இரி ஏட்டி ஜெஸ்பி, ஒண்ணும் காணல்ல” என்றாள் பின்னாலிருந்த செல்லத்தாய், சிரிப்பின் நடுவே, அவள் தோளைக் கையால் தள்ளி.

ஜெஸ்பின் தள்ளி உட்கார்ந்தாள்.